மகள் வாங்கிய பிஸ்டல்

வீட்டுக்கு வரலாமா என்று ஒரு பொலிஸ்காரர் தொலைபேசியில் அனுமதி கேட்ட அனுபவம் உங்களில் எத்தனை பேருக்கு இருக்கும் என்று எனக்குத் தெரியாது. எனக்கு அது போன மாதம் கிடைத்தது. வியாழக்கிழமை பின்னேரம் வசதிப்படுமா, இல்லாவிட்டால் வேறு நாள் பார்க்கலாம் என்றார். சொன்னபடி வந்தார். நோபல் பார்க்கில் எங்கள் வீட்டு வாசலில் கிடந்த செருப்புகளைக் கண்டதும், நான் வேண்டாம் வேண்டாம் என்று தடுக்கவும் கேளாமல், குனிந்து சப்பாத்தைக் கழற்றினார். ஒரு காலுறையில் பெருவிரல் பக்கம் ஓட்டை. இடுப்பில் துப்பாக்கியும் காலில் ஓட்டைக் காலுறையுமாக அவர் எங்கள் குசினியைக் கடந்து கராஜுக்குப் போனார். அங்கே சுவரோடு சேர்த்து இறுக்கியிருந்த இரும்புப் பெட்டியை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினார். பெட்டி அசையவில்லை. "பியூட்டிஃபுல்" என்றார்.

நான் சேர்ட் பையில் தயாராக வைத்திருந்த லைசென்ஸையும் பாஸ்போர்ட்டையும் எடுத்து நீட்டினேன். பெட்டி மகளுடையது, உங்கள் பத்திரங்கள் எனக்குத் தேவையில்லை என்று சிரித்தார். நீட்டிய கையை மடக்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. யாழ்ப்பாணத்தில் இராணுவச் சுற்றிவளைப்பு நடக்கும் நாட்களில் அடையாள அட்டையை இப்படி நீட்டிக்கொண்டுதான் வெயிலில் வரிசையாக நிற்போம். வருகிறவர்கள் சப்பாத்தோடு படுக்கையறை வரைக்கும் போவார்கள். அரிசிப் பானைக்குள் கையை விடுவார்கள். அவர்கள் அப்படித் தேடியது எதுவோ, அதை வைப்பதற்குத்தான் இப்போது என் வீட்டில் ஒரு பெட்டி பொருத்தியிருக்கிறேன். பெட்டி நல்ல உறுதி என்று பாராட்டிவிட்டு, கதவடியில் குந்தியிருந்து சப்பாத்தை மாட்டிக்கொண்டு, நன்றி சொல்லிப் போகிறார் ஒரு பொலிஸ்காரர்.

எங்களுக்கு ஒரே மகள். பெயர் தரணி. நாங்கள் ஊரை விட்டு வந்த பிறகு இங்கே பிறந்தவள், பல்கலைக்கழகத்தில் மருந்தியல் படிக்கிறாள். தோழி ஒருத்தி கூப்பிட்டாள் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை டண்டினோங்குக்கு அப்பால் உள்ள துப்பாக்கிச் சுடும் கிளப்புக்குப் போனாள். பிறகு ஒவ்வொரு ஞாயிறும் போனாள். காகிதத்தில் ஓட்டை போடுகிற விளையாட்டுத்தானே, நாலு நாளில் அலுத்துவிடும் என்று நினைத்தேன். ஆனால் அவளுக்கு அது நன்றாக வந்தது. மூச்சை எங்கே நிறுத்துவது, விரலை எப்படி மெதுவாக இழுப்பது என்று சாப்பாட்டு மேசையில் விளங்கப்படுத்துவாள். என் மனைவி வசந்தி கோப்பையைத் தூக்கிக்கொண்டு எழும்பிப் போய்விடுவாள். புதிதாகச் சேர்ந்தவர்கள் முதலில் கிளப்புத் துப்பாக்கியைத்தான் பாவிக்க வேண்டும். அந்தக் காலம் முடிந்ததும், சொந்தமாக ஒன்று வாங்கப் போகிறேன், கடைக்கு நீங்களும் வாங்கோ அப்பா என்றாள்.

அன்றைக்கு வசந்தி என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "அவளுக்குச் சொல்லாமல் அந்தக் கடைக்குப் போகப் போறீங்களோ?"

"என்னத்தைச் சொல்லுறது? அது வேற, இது வேற."

"எனக்கு அது வேற இது வேற எண்டு தெரியேல்லை" என்றாள். "எனக்கு எல்லாம் ஒண்டுதான்."

என் இடது தோளில் ஒரு தழும்பு இருக்கிறது. மகள் சின்னவளாக இருந்தபோது அதைக் காட்டி என்னவென்று கேட்டாள். மாடு குத்தினது என்றேன். அடுத்த கிழமை பள்ளிக்கூடத்தில், என் அப்பா ஒரு காளையோடு சண்டை பிடித்தவர் என்று எல்லோருக்கும் முன்னால் பேசிக் கைதட்டு வாங்கி வந்தாள். அதற்குப் பிறகு அந்த மாட்டை என்னால் அவிழ்த்துவிட முடியவில்லை.

கடை ஒரு மெத்தைக் கடைக்கும் டயர்க் கடைக்கும் நடுவில் இருந்தது. முன்பக்கம் முழுவதும் தூண்டில்களும் கூடாரங்களும். பின்பக்கத்தில், கண்ணாடிக்குப் பின்னால், துப்பாக்கிகள். மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் தொங்கவிட்டிருந்த ஒரு பெரிய மனிதர் எங்களைக் கவனித்தார். தரணியின் உள்ளங்கையை விரிக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, கறுப்பு றப்பர் விரிப்பொன்றைப் போட்டு, நகைக்கடையில் சங்கிலிகளை எடுத்து வைக்கிற மாதிரி மூன்று பிஸ்டல்களை ஒவ்வொன்றாக அடுக்கினார். மூன்றும் செமி-ஓட்டோமற்றிக். ஒருமுறை சுட்டால் அடுத்த குண்டு தானாக வந்து நிற்கும், ஒவ்வொரு சூட்டுக்கும் விசையை மட்டும் இழுக்க வேண்டும் என்று எனக்காக விளங்கப்படுத்தினார். ஒவ்வொன்றையும் திறந்து உள்ளே வெறுமை என்று காட்டிவிட்டுத்தான் மகளிடம் கொடுத்தார்.

அவள் அவற்றைப் பிடித்துப் பார்த்த விதத்தை நான் மறக்க மாட்டேன். முதலாவதன் பிடி அவளுக்குத் தடிப்பு. சின்ன விரல் கீழே வழுக்கியது. இரண்டாவது கைக்குள் அடங்கியது, ஆனால் பாரம் போதாது, முனை ஆடுகிறது என்றாள். மூன்றாவதை எடுத்தாள். கையை நீட்டிச் சுவரில் ஒரு புள்ளியைப் பார்த்தாள். இறக்கினாள். திரும்ப நீட்டினாள். "இது கொஞ்சம் ஹெவி அப்பா, பட் அசையாமல் நிக்குது" என்றாள். முகத்தில் அப்படியொரு அமைதி. பிஸ்டல் பிடித்த ஒரு முகத்தில் அமைதியை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. உண்மையில், அதுவரை நான் பிஸ்டலைக் கிட்டத்தில் பார்த்ததே ஒரேயொரு முறைதான். அன்றைக்கு அதைப் பிடித்திருந்தவனின் முகத்தைப் பார்க்க எனக்கு நேரம் கிடைக்கவில்லை.

கடைக்காரர் அதை என் பக்கம் திருப்பி, "நீங்களும் பிடித்துப் பாருங்கள், டாட்" என்றார். நான் ஓரடி பின்னால் போனேன். அவர் விடவில்லை. "டூ யூ ஷூட்?" என்று கேட்டார்.

என் ஆங்கிலம் ஃபாக்டரி ஆங்கிலம். அவசரத்துக்கு வாயில் வந்தது இதுதான்: "வன் டைம். ஷாட்." சொல்லும்போது கை தானாகத் தோளுக்குப் போய்விட்டது.

அவருக்கு நன்றாக விளங்கிவிட்டது. நான் ஒருமுறை சுட்டுப் பார்த்திருக்கிறேன், துவக்கு உதைத்துத் தோளை நோக வைத்துவிட்டது என்று. "ரைஃபிள்தானே? அவை அப்படித்தான் உதைக்கும்" என்று என் தோளைப் பரிவோடு பார்த்தார். "ஒருமுறையோடு விட்டுவிட்டீர்களே! இது அப்படியில்லை, குழந்தை மாதிரி. பயப்படாதீர்கள்."

தரணி சிரித்தாள். "அப்பா, சும்மா சொல்லாதீங்கோ, அது மாடெல்லோ..." என்று தொடங்கியவள் என் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டாள். வங்கியிலும் ஆஸ்பத்திரியிலும் என் அரைகுறை ஆங்கிலத்தைத் திருத்தித் திருத்தி மற்றவர்களுக்குச் சொல்லி வளர்ந்த பிள்ளை அவள். நான் விட்ட சொல் எது, நான் சுட்டவனல்ல சுடப்பட்டவன் என்று கண்டுபிடிக்க அவளுக்கு வெகுநேரம் ஆகவில்லை. கையிலிருந்ததை மெதுவாக விரிப்பில் வைத்தாள். யோசித்துவிட்டு வருகிறோம் என்று கடைக்காரரிடம் சொன்னாள்.

காரை எடுத்து ஸ்பிரிங்வேல் வரை ஓட்டி வந்தாள். சிவப்பு விளக்கில் நின்றபோது கேட்டாள். "ஆமியோ?"

"இல்லைப் பிள்ளை."

"அப்ப ஆர்?"

"தமிழ்தான் கதைச்சவங்கள்."

அப்போது நான் ஊரில் கூட்டுறவுச் சங்கக்கடையில் வேலை செய்துகொண்டிருந்தேன். பின்னேரம் கடையைப் பூட்டிவிட்டுத் திரும்பினேன். ஒரு சைக்கிளில் இரண்டு பெடியன்கள். முன்னால் பாரில் இருந்தவன் சேர்ட்டை வெளியில் விட்டிருந்தான். "அண்ணை, மணி என்ன?" என்று மரியாதையாகத்தான் கேட்டான். நான் கையைத் தூக்கி மணிக்கூட்டைப் பார்க்கக் குனிந்தேன். அவன் சேர்ட்டுக்கு அடியிலிருந்து பிஸ்டல் வந்ததும் வெடித்ததும் ஒன்றாக இருந்தது; குனிந்ததால் குண்டு தோளோடு போயிற்று. எந்த இயக்கம், என்ன காரணம் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆள் மாறிச் சுட்டுவிட்டார்கள் என்று சிலர் சொன்னார்கள். மாறாமலும் இருந்திருக்கலாம் என்ற மாதிரி வேறு சிலர் பார்த்தார்கள். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல்தான் நான் ஊரை விட்டேன்.

இதைக் காரில் இருந்து சொல்லி முடித்தேன். பின்னால் யாரோ ஹோர்ன் அடித்தார்கள். விளக்கு எப்போது பச்சையானது என்று இருவருமே கவனிக்கவில்லை.

தரணி, ஊரில் ஆமி செய்ததைக் கண்டித்து இங்கே நடந்த ஊர்வலங்களுக்கெல்லாம் போனவள். பதாகை பிடித்து, மழையில் நனைந்து, தொண்டை கட்டிப்போய் வருவாள். அவள் பிடித்த பதாகைகள் ஒன்றிலும் பொய் இல்லை. ஆனால் என் தோளுக்கு அவற்றில் இடமில்லை. அதனால்தான் மாட்டின் தலையில் பழியைப் போட்டேன். இன்னொன்றையும் அவளுக்குச் சொல்லவில்லை. அந்தப் பெடியனும் ஊரை விட்டு வந்திருக்கலாம். உயிரோடிருந்தால் அவனுக்கும் இப்போது தலை நரைத்திருக்கும். ஸ்பிரிங்வேல் மீன்கடையிலும் கோயில் வரிசையிலும் என் வயதுக்காரர் யாராவது "அண்ணை" என்று கூப்பிட்டால் நான் முதலில் சேர்ட்டைத்தான் பார்க்கிறேன். பிறகுதான் முகத்தை.

அதன்பின் சில ஞாயிற்றுக்கிழமைகள் அவள் கிளப்புக்குப் போகவில்லை. வசந்திக்கு உள்ளூரச் சந்தோஷம். எனக்கு அப்படியில்லை. எங்கோ ஒரு சந்தில் எவனோ செய்த காரியம் கடல் கடந்து வந்து இவளுடைய ஞாயிற்றுக்கிழமையையும் எடுத்துவிட்டதே என்றிருந்தது. ஒருநாள் என் கதிரைக்குப் பக்கத்தில் வந்து நின்று, தழும்பைக் காட்டச் சொன்னாள். விரலால் தொட்டாள். "இவ்வளவு சின்னனோ?"

"பின்பக்கம்தான் பெரிசு."

அதையும் பார்த்தாள். "நான் இதை விடட்டோ அப்பா?"

விடு என்று வாய் வரை வந்தது. விடாதே என்றும் வந்தது. அதற்குள் அவளே சொன்னாள்: "எனக்கு அது ஸ்போர்ட். உங்கட பயத்தை எனக்குத் தராதீங்கோ. ஐ கான்ட் கேரி இட்." சொல்லிவிட்டு அழுதாள். அந்தப் பாரமான மூன்றாவதையே வாங்க விண்ணப்பித்தாள். அதற்காகப் பொலிஸ்காரர் வந்து ஆட்டிப் பார்த்த அந்தப் பெட்டியை நான்தான் துளை போட்டுச் சுவரில் இறுக்கினேன். அன்றிலிருந்து வசந்தி கராஜுக்குள் கால் வைப்பதில்லை. அங்கே ஃப்ரீஸரில் இருக்கிற மீனை எடுக்க என்னைத்தான் அனுப்புகிறாள்.

போன ஞாயிறு முதல் தடவையாக மகளோடு கிளப்புக்குப் போனேன். காதடைப்பு தந்தார்கள். அவள் பக்கவாட்டாக நின்று கையை நீட்டினாள். காதடைப்பையும் தாண்டி ஒவ்வொரு வெடியும் என் பல்லில் வந்து விழுந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு மணி அடித்தது. எல்லோரும் துப்பாக்கிகளை வெறுமையாக்கி, திறந்தபடி மேசைகளில் வைத்தார்கள். பொறுப்பாளர் ஒவ்வொன்றாகப் பார்த்து முடித்ததும், தங்கள் காகிதங்களைப் பார்க்க எல்லோரும் புல்வெளியில் கதைத்துக்கொண்டே முன்னால் நடந்தார்கள். தரணி பாதி வழியில் திரும்பி நின்றாள்.

"வாங்கோவன் அப்பா. நான் எப்பிடிச் சுட்டிருக்கிறன் எண்டு பாருங்கோ."

சுடுகிறவர்கள் நிற்கும் கோட்டை நான் தாண்டினேன். சில அடிகளுக்கு மேல் கால் வரவில்லை. முதுகுக்குப் பின்னால் அத்தனை துப்பாக்கிகள் கிடந்தன.

"எல்லாம் எம்டி அப்பா. அவர் செக் பண்ணிட்டார்."

"ஓம் பிள்ளை, வாறன்" என்றேன். ஒரு தோளை அவள் பக்கமும் மற்றத் தோளை மேசைகளின் பக்கமும் வைத்துக்கொண்டு, இரண்டையும் மாறி மாறிப் பார்த்தபடி, நண்டு மாதிரி பக்கவாட்டில் நடந்து அவளிடம் போனேன்.