இருங்காட்டுக்கோட்டையில் பார்த்த பாங்காக்

காலை 7.10. ஒரகடம் கூட்டுரோடு.

பயணக் கட்டுரை எழுதுகிறவர்கள் குளித்து, திருநீறு பூசி, உற்சாகமாகக் கிளம்புவார்கள். நான் நைட் ஷிப்ட் முடித்துக் கிளம்பினேன். பிரேக் பாகங்களை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து ஓகே, ரிஜெக்ட், ரீவொர்க் என்று மூன்று நிறத்தில் ஸ்டிக்கர் ஒட்டுவது என் தொழில். விடிந்து வெளியே வந்தால் எதிரில் வருகிறவர் நெற்றியிலும் ஒட்டத் தோன்றும். அன்று காலை கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தேன். ரீவொர்க் கூட இல்லை, நேரே ரிஜெக்ட்.

கம்பெனி பஸ் குன்றத்தூருக்குப் போய்விட்டது. என் வீடு, என் பாய், என் தலையணை மூன்றும் அந்தத் திசையில்தான் இருக்கின்றன. நான் எதிர்த்திசையில் நின்றேன். கையில் நீல நிறத் துணிக்கடைப் பை. பைக்குள் சந்தன நிறச் சட்டை, சைஸ் நாற்பது. என் தம்பி குமாருக்கு.

விஷயம் இதுதான். வரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு அவனுக்குப் பெண் பார்க்கப் போகிறோம். இதற்கு முன் குறித்த மூன்று ஞாயிறுகளும் தள்ளிப்போயின. ஒவ்வொரு முறையும் போனில் ஒரே பதில்: "ஷிப்ட் இருக்குண்ணே." நான்காவது முறையும் தள்ளிப்போனால் பெண் வீட்டார் எங்கள் முகத்தில் விழிக்க மாட்டார்கள். என் மனைவி வசந்தி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

"போன்ல கேட்டா ஷிப்டுதான் சொல்லுவாரு. நேர்ல போங்க. சட்டையக் கையில குடுங்க. வர்றேன்னு வாயத் திறந்து சொல்ற வரைக்கும் எந்திரிச்சு வராதீங்க."

இப்படியாக என் பயணம் தொடங்கியது.

7.25. ஷேர் ஆட்டோ. ஸ்ரீபெரும்புதூர் வரை ஏறத்தாழ பன்னிரண்டு கிலோமீட்டர், முப்பது ரூபாய். உள்ளே ஏழு பேர், ஏழு பேரும் தூக்கம். சீருடையின் நிறத்தை வைத்துத்தான் ஆளைப் பிரித்தறிய வேண்டும். தலைகள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன. வழியில் கண்ட காட்சிகளை விவரிக்க ஆசைதான். கண்டால்தானே? ஒரு முறை கண் விழித்தபோது கார் ஏற்றிப்போகும் நீளமான லாரி. மறுமுறை விழித்தபோதும் அதே லாரி. நாங்கள் நகர்ந்தோமா என்றே சந்தேகம்.

"அண்ணாத்த, ஓரமா குந்திகினு தூங்காத. சாஞ்சி கீழ வுய்ந்தின்னா நான்தான் பதில் சொல்லணும். நடுவுல வா," என்றார் டிரைவர்.

நடுவில் உட்கார்ந்து, முன்பின் தெரியாத ஒரு வெல்டரின் தோளில் தூக்கத்தைத் தொடர்ந்தேன்.

8.35. ஸ்ரீபெரும்புதூரில் பஸ் மாறி, பெங்களூர் நெடுஞ்சாலையில் இருங்காட்டுக்கோட்டை. டிக்கெட் பத்து ரூபாய். இறங்கி ஒரு கிலோமீட்டர் நடை. குமார் இருக்கும் இடம் வரிசையாகப் பத்து அறைகள், மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை, பின்னால் ஒரு தண்ணீர்த் தொட்டி. ஒரு காலத்தில் அந்த நிலத்தில் நெல் போட்டவர்கள் இப்போது அறைகள் போட்டிருக்கிறார்கள். ஓனர் அம்மா சாவியை நீட்டினார்.

"தம்பியா உனுக்கு? அதுவும் கூட கீற பையனும் ஓ.டி. பாத்துகினு பதினோரு மணிக்கு மேலதான் வரும். உள்ள போய் படு." போகிறபோக்கில் சேர்த்துக்கொண்டார்: "இந்த ரூமு மட்டுந்தாம்பா வேல நேரத்துல பூட்டிகினு கெடக்கும். மத்த ரூமுல ஒரு ஷிப்டு எய்ந்துகினா இன்னொரு ஷிப்டு வந்து படுத்துக்கும். பாயி ஆறவே ஆறாது."

இந்தப் பக்கத்து வழக்கம் அதுதான். ஒரே அறையில் இருப்பவர்கள் எதிரெதிர் ஷிப்டில் இருந்தால் ஒரு பாய் இரண்டு பேருக்கு ஆகும், வாடகையும் பாதியாகும். நானும் கல்யாணத்துக்கு முன் அப்படித்தான் இருந்தேன். என்னோடு இரண்டு வருடம் அறையில் இருந்தவனை நேரில் பார்த்தது மொத்தம் ஒன்பது முறை இருக்கும்.

குமாரின் அறை துடைத்த மாதிரி இருந்தது. சுவரில் மளிகைக்கடை காலண்டர். ஒவ்வொரு வாரத்திலும் பச்சை மையில் ஒரு ஷிப்ட் எழுத்து, நீல மையில் ஒன்று. பொங்கல் வரை இரண்டும் வேறு வேறு: ஏ, பி, பி, சி. அதன்பிறகு ஏ, ஏ, பி, பி, சி, சி. கண் பார்த்துவிட்டது. பதினான்கு வருடம் குறை கண்டுபிடித்த கண். மூளைதான் இன்னும் அந்த வெல்டரின் தோளிலேயே கிடந்தது.

9.00. படுத்தேன். கூரை வெந்தது, தூக்கம் வரவில்லை. பக்கத்து அறையில் யாரோ எனக்கும் சேர்த்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்கள். எட்டும் தூரத்தில் குமாரின் பழைய லேப்டாப். திறந்தால் தாய்லாந்துப் படம் ஒன்று வரிசையாகப் பன்னிரண்டு பகுதி. தாய்லாந்து என்றால் எனக்குத் தெரிந்தது முழங்காலால் மூக்கை உடைக்கும் சண்டைதான். நல்ல அடிதடி பார்த்தால் கண் சொக்கும் என்று பதினொன்றாவதைத் தட்டினேன். சண்டை எப்போதும் கடைசியில்தானே வரும்!

பாங்காக் அழகான ஊர். யாருக்கும் வியர்ப்பதில்லை. இரண்டு பையன்கள், இருவரும் மெக்கானிக்கல் இன்ஜினியரிங். இரண்டு பகுதி முழுக்கப் பார்த்தேன், ஒரு ஸ்பானரைக் கூடத் தொடவில்லை. அரியர் பற்றிப் பேச்சே இல்லை. ஒருவன் அத்தையின் கடையில் ரோஸ் மில்க் மாதிரி எதையோ விற்கிறான். மற்றவன் அதைக் குடிக்கிறான், குடித்துவிட்டு அரை நிமிடம் பார்க்கிறான். கீழே இங்கிலீஷில் எழுத்து ஓடியது. என் இங்கிலீஷ் டிராயிங்கில் அளவு பார்க்கிற இங்கிலீஷ். நிறுத்தி நிறுத்திப் படித்தேன்.

சண்டைக்குக் காத்திருந்தேன். ஒருவன் மற்றவனைத் தலையணையால் அடித்தான். சரி, தொடங்கிவிட்டது என்று நிமிர்ந்தேன். இருவரும் சிரித்தார்கள். அப்புறம் ஒருவனுக்குக் காய்ச்சல். மற்றவன் ஈரத்துண்டால் துடைத்தான். துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான். எங்கள் லைனில் ஒரு பீஸை இவ்வளவு நேரம் துடைத்தால் மெமோ கொடுப்பார்கள். துடைத்து முடித்து நெற்றியில் ஒரு முத்தம் வைத்தானே, அப்போதுதான் என் மரமண்டைக்கு எட்டியது, இது அந்த மாதிரிப் படம் இல்லை, இது காதல் படம் என்று.

மூடியிருக்கலாம். மூடவில்லை. ஒருவனுக்குத் தொலைவில் வேலை கிடைத்துவிட்டது, ரயிலுக்கு நேரமாகிறது, மற்றவன் ரோஸ் மில்க்கோடு ஆட்டோவில் மாட்டிக்கொண்டான். இந்த நேரத்தில் மூடுகிறவன் மனிதனா? பன்னிரண்டாவதையும் போட்டேன்.

இன்னொன்றும் உறுத்தியது. இந்தக் கதையில் வில்லனே இல்லை. இப்போது வருவான், இப்போது வருவான் என்று பார்த்தேன். அம்மா வந்தாள், இவள்தான் என்று நினைத்தேன், ஆரஞ்சு உரித்து இருவருக்கும் பாதிப் பாதி கொடுத்துவிட்டுப் போனாள். அப்பா வந்தார், மீன் பிடிக்கக் கூப்பிட்டார். இப்படி ஒரு ஊர் இருக்குமா என்று அலுப்பாக இருந்தது. கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

11.20. கதவு திறந்தது. குமார். அவனுக்குப் பின்னால் ஹெல்மெட்டோடு இன்னொரு பையன், தினா. அறைத் தோழன், போனில் பெயர் கேட்டிருக்கிறேன்.

"அண்ணே! சொல்லாமக் கொள்ளாம வந்துருக்கிய?" என்ற குமாரின் கண் லேப்டாப்பில் விழுந்தது. எங்களுக்குக் கோவில்பட்டிப் பக்கம். அவன் பேச்சு இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. "என்ன பாக்கிய?"

தினா எட்டிப் பார்த்து அலறினான். "பன்னெண்டா? அய்யய்யோ, இன்னாண்ணே நீ! நாங்களே இன்னும் பத்தத் தாண்டல! ஒரு வீக் ஆஃபுக்கு ஒண்ணுன்னு பத்து வாரமா வச்சிகினு கீறோம். இவன் இல்லாத நான் பாக்க மாட்டன், நான் இல்லாத இவன் பாக்க மாட்டான். நடுவுல நீ பூந்து கடசி சீன் வரைக்கும் போய்ட்டியேண்ணே!"

"சண்டைப் படம்னு நெனச்சேன்," என்றேன்.

தினா வாய்விட்டுச் சிரித்தான். குமார் சிரிக்கவில்லை. அவன் லேப்டாப்பைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், என் பக்கத்திலிருந்த நீலப் பையைப் பார்த்தான். பைக்குள் என்ன இருக்கும் என்று அவனுக்குத் தெரியும். நான் பார்த்த இரண்டு பகுதியிலும் வராத வில்லன், கையில் ஒரு பையோடு, அவன் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான்.

12.00. தினா சமைத்தான். ரசம், முட்டைப் பொடிமாஸ். தூங்க வேண்டிய நேரத்தில் மூன்று பேரும் கொட்டாவி விட்டபடி தட்டு முன் உட்கார்ந்தோம். என் வாயைச் சும்மா வைத்திருக்க முடியாமல் கேட்டேன்.

"உனக்கு எந்த ஊர் தம்பி?"

"மண்ணூருண்ணே. பைக்ல போனா கால் மணி நேரம்."

"பக்கத்துலயே வீட்ட வச்சுக்கிட்டு எதுக்குடா வாடகை?"

தினா கரண்டியால் சட்டியைச் சுரண்டினான். காலியான சட்டி. "வூட்ல ஆளுங்க ஜாஸ்திண்ணே," என்றான். பிறகு தயிர் வாங்கி வருகிறேன் என்று எழுந்து போனான். தயிர்ப் பாக்கெட் அடுப்பு மேடையில் இருந்தது. நானும் பார்த்தேன், குமாரும் பார்த்தான்.

"ஞாயித்துக்கெழம பத்து மணிக்குடா," என்றேன். "ஷிப்ட் இருக்குன்னா ஆள் மாத்தி விட்டுட்டு வா."

"மாத்தலாம்ணே. அதெல்லாம் மாத்தலாம்." அவன் காலண்டரைப் பார்த்தான். "எட்டு மாசமா அவன் மாத்திக்கிட்டுத்தான் இருக்கான். எனக்கு எந்த ஷிப்டோ அதுக்கு. பதிலுக்கு ஊர்ல உள்ளவன் ஞாயித்துக்கெழம வேலையெல்லாம் அவன் பாக்கான்."

பச்சை, நீலம். ஏ, ஏ. பி, பி. வெல்டரின் தோளிலிருந்து என் மூளை மெதுவாக எழுந்து வந்தது.

"நான் வரலண்ணே," என்றான் குமார். சோற்றைப் பிசைந்துகொண்டே, என்னைப் பார்க்காமல். "இந்த ஞாயிறும் இல்ல, எந்த ஞாயிறும் இல்ல. அந்தப் பிள்ள பாவம்ணே. அவ வீட்ல அவ நல்லா இருக்கட்டும். உங்களுக்குச் சொல்லத் தெரியாமத்தான் ஷிப்டு ஷிப்டுன்னு சொன்னேன்."

பிசைந்த சோறு கூழாகிவிட்டது. மூன்று வயதில் கிணற்று மேட்டில் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றபோதும் இப்படித்தான், என் முகத்தைப் பார்க்கவில்லை.

சொல்வதற்கு எதையும் யோசித்துக்கொண்டு போகவில்லை. பதினான்கு வருடமாக ஸ்டிக்கர் ஒட்டுகிறவன். அன்று சட்டைப்பையைத் தடவிப் பார்த்தால் ஒன்றுகூட இல்லை. ஊரில் அம்மாவுக்கு எப்படிச் சொல்வது, வசந்திக்கு எப்படிச் சொல்வது என்று மனதில் ஓட்டிப் பார்த்தேன். இருந்த அசதியில் கோபம் வரவும் தெம்பில்லை. அது நல்லதாகப் போயிற்று. தூங்கி எழுந்து போயிருந்தால் ஏதாவது பெரிய மனிதன் மாதிரிப் பேசித் தொலைத்திருப்பேன்.

"சாப்பிடு, ரசம் ஆறுது," என்றேன். "அவனப் போன் போட்டுக் கூப்பிடு. இங்க இருக்கிற தயிர எங்கே போய்த் தேடுவான்?"

1.45. கிளம்பினேன். தினா பைக்கில் ஸ்ரீபெரும்புதூர் பேருந்து நிலையம் வரை, ஏறத்தாழ எட்டு கிலோமீட்டர், கொண்டுவந்து விட்டான். பெட்ரோலுக்குக் காசு நீட்டினேன், வாங்கவில்லை. பதிலுக்கு அவன் ஒரு பென் டிரைவைக் கொடுத்தான்.

"ஒண்ணுல இருந்து பத்து வரைக்கும் கீதுண்ணே. கடசிய மட்டும் பாத்துட்டு கதையே பாத்துட்டோம்னு நெனச்சிக்காத." கொஞ்சம் தயங்கினான். "கடசில இன்னா ஆவுதுண்ணே? சேர்ந்துடறாங்களா? ஒரே வார்த்த, சொல்லேன்."

"வர்ற வீக் ஆஃபுல ரெண்டு பேரும் உக்காந்து பாருங்க," என்றேன்.

அந்த முடிவை இந்தக் கட்டுரையிலும் சொல்லப்போவதில்லை. நீங்களும் மன்னிக்க வேண்டும்.

2.20. குன்றத்தூர் பஸ். ஏறத்தாழ பதினெட்டு கிலோமீட்டர், பதினெட்டு ரூபாய். கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய், நியாயமான உலகம். ஜன்னல் கம்பியில் நெற்றி பலமுறை மோதியது. பாதி வழியில் வசந்தியின் போன்.

"என்ன சொன்னாரு? வர்றாராமா?"

"வர மாட்டான்."

"ஷிப்டா?"

"ஷிப்ட் இல்ல. வந்து சொல்றேன்."

"சட்டைய திருப்பி எடுத்துட்டு வர்றீங்கதானே?"

"குடுத்துட்டேன்."

"பொண்ணு பாக்க வராத ஆளுக்குப் புதுச்சட்ட எதுக்காம்?"

"வீக் ஆஃபுல ஒரு படம் பாக்கப் போறான்," என்றேன்.

மாலை 6.00. குன்றத்தூர், என் வீடு. வெளிநாடு போய் வந்தவர்கள் சொந்த ஊரை ஒப்பிட்டு ஒரு பத்தி எழுதுவார்கள், நானும் எழுதுகிறேன். வசந்திக்கு ஒரு பேக்கிங் யூனிட்டில் பகல் வேலை. எனக்குப் பெரும்பாலும் நைட், அன்று மட்டும் வீக் ஆஃப். பதினோரு வருடமாக வாசற்படியில் சந்தித்து, மகளையும் டிபன் பாக்ஸையும் கைமாற்றிக்கொண்டு பிரிகிறோம். எங்கள் பாயும் ஆறுவதில்லை. அவளுக்காக நானோ எனக்காக அவளோ ஒரு ஷிப்ட் மாற்றிக் கேட்டதில்லை. கேட்கலாம் என்பதே இருங்காட்டுக்கோட்டை போய்த்தான் தெரிந்தது.

டி.வி.யில் பென் டிரைவைச் செருகி, ஒன்றாம் எபிசோடைப் போட்டேன். வசந்தி வேலை அலுப்போடு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இது என்ன படம்?"

"குமாரும் தினாவும் குடுத்தாங்க. ரெண்டு பேரும் சேர்ந்துதான் பாப்பாங்களாம். ஒருத்தன் இல்லாம ஒருத்தன் பாக்க மாட்டாங்களாம்."

மழை பெய்துகொண்டிருந்தது, பாங்காக்கில். இரண்டு பையன்கள், ஒரே குடை. குடை பிடித்தவன் நனைகிறான், மற்றவன் நனையவில்லை. வசந்தி வெகுநேரம் பார்த்தாள். டி.வி.யைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி டி.வி.யைப் பார்த்தாள். நான் ரிமோட்டை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"பொண்ணு வீட்டுக்கு நானே பேசிக்கறேன்," என்றாள் கடைசியில். "நீங்க பேசினா உளறி வெப்பீங்க."

கொஞ்ச நேரத்தில் அவள் தலை என் தோளில் சாய்ந்தது. அந்த முகம் தெரியாத வெல்டரை நினைத்துக்கொண்டேன். ஆடாமல் உட்கார்ந்திருந்தார், நல்ல மனிதர். நானும் ஆடவில்லை. எப்போது தூங்கினேன் என்று தெரியாது.

இது நடந்து ஒரு மாதம் ஆகிறது. சூப்பர்வைசரிடம் பகல் ஷிப்ட் கேட்டிருக்கிறேன். என்ன காரணம் என்று கேட்டார், குடும்பக் காரணம் என்றேன். கிடைக்கும் மாலைகளில் இருவரும் டி.வி. முன்னால் உட்காருகிறோம், சாய்ந்து தூங்கிவிடுகிறோம். முடிவு தெரிந்த நானும், தெரியாத அவளும், ஒன்றாம் எபிசோடின் பதினொன்றாம் நிமிடத்தை இன்னும் தாண்டவில்லை.