கவனிப்புக் குறிப்பேடு

பால்வாடி ஆசிரியைப் பயிற்சியில் எல்லோரும் பயந்தது கவனிப்புக் குறிப்பேட்டுக்குத்தான். ஒரே பிள்ளையை ஒரு வாரம், தினம் கால் மணி நேரம், தள்ளி உட்கார்ந்து பார்த்து எழுத வேண்டும். தொடக் கூடாது, பேசக் கூடாது, நம் ஊகத்தை எழுதக் கூடாது. கண்ணில் பட்டதை மட்டும் எழுத வேண்டும். எனக்குப் பயமில்லை. எங்கள் வீட்டில் கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் நான்.

எண்பதுகளின் நடுவில், கம்பைநல்லூர் பக்கத்துக் கிராமத்துப் பால்வாடி ஒன்றுக்குச் சில மாதம் அனுப்பினார்கள். நான் தேர்ந்தெடுத்தது மூன்று வயதுப் பெண் குழந்தையை. அவள் அம்மா கடலைக்காட்டுக் கூலிக்குப் போகிறவர்.

“இந்த வாரம் உங்க பாப்பாவ நான் கவனிக்கப் போறேங்க” என்றேன்.

“கவனிங்க டீச்சரம்மா, புண்ணியமாப் போவும். நானும் நிம்மதியாக் களை வெட்டுவேன். அவ மண்ணு திங்கறதையும் எழுதுவீங்களா?”

“எல்லாத்தையும் எழுதுவேங்க.”

சிரித்துக்கொண்டே போனார்.

மூன்றாம் நாள், எண்ணிப் பழகப் பிள்ளைகளுக்குப் புளியங்கொட்டை கொடுத்திருந்தார்கள். அங்கிருந்த டீச்சர் அடுப்பைப் பார்க்கப் போயிருந்தார். நான் எழுதினேன்: ‘வலது கையால் கொட்டையை எடுக்கிறாள். உருட்டுகிறாள். மூக்கருகே கொண்டு போய் முகர்கிறாள்.’ ‘முகர்கிறாள்’ என்ற சொல் கிடைத்ததில் எனக்கு ஒரு சந்தோஷம். எழுதிவிட்டு நிமிர்ந்தபோது கையில் கொட்டை இல்லை. ‘கீழே விழுந்திருக்கலாம்’ என்று எழுதினேன். அது ஊகம் என்று உடனே அடித்துவிட்டேன். எழுந்து போய்ப் பார்க்கவில்லை.

அடுத்த இரண்டு நாள் அவள் வரவில்லை. அதற்கடுத்த நாள் காலையில் அம்மா மட்டும் வந்தார். மூக்கு வீங்கிச் சீழ் வைத்து, தருமபுரி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்களாம். டாக்டர் இடுக்கி வைத்துப் புளியங்கொட்டையை எடுத்தாராம்.

“எல்லாத்தையும் எழுதுவேன்னீங்களே. அன்னிக்கி எழுதுனதப் படிங்க.”

படித்தேன். அடித்த வரியையும் விடாமல் படித்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

“அப்ப பாத்துக்கிட்டேதான் இருந்திருக்கீங்க.”

“தொடக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க…”

“கவனிக்கிறேன்னுதானே சொன்னீங்க? எங்க ஊர்ல கவனிக்கறதுன்னா தூக்கி மூக்கத் தொடைக்கறதும்மா.”

கத்தியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். அவர் கத்தவில்லை. பால்வாடியில் வைத்திருந்த பிள்ளையின் சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இரண்டு முறை அவர் வீட்டுக்குப் போனேன். கதவு பூட்டியிருந்தது. மூன்றாம் முறை காட்டுக்கே போனேன். வரப்பில் வேப்ப மரத்தடியில் பாப்பா உட்கார்ந்திருந்தாள். எங்கும் போய்விடாதபடி அவள் இடுப்பில் பழைய சேலைத் துணியைக் கட்டி, மறுமுனையை மரத்தில் முடிந்திருந்தார்கள். வெயில் அவள் கால் வரை வந்திருந்தது.

“அனுப்புங்கக்கா. இனிமே நான் பக்கத்துலயே இருப்பேன்.”

அவர் களைக்கொத்தை நிறுத்தவில்லை. “வேணாங்க. இங்கன்னா என் கண்ணு முன்னால இருக்கும்.”

அவிழ்த்து நிழலுக்கு நகர்த்தலாமா என்று கேட்க வாய் வரவில்லை. பாப்பா என்னைப் பார்த்து, “டீச்சர், தூக்கு” என்று கையை நீட்டினாள். அவள் அம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் நின்ற இடத்திலேயே நின்றேன்.