பயனாளி நேரில் வர வேண்டும்

கிணற்று மோட்டார் எதுவானாலும் பிரித்துப் போட்டு, மறுபடி ஓட வைத்துவிடுவாள் என்பதால் ஊரே அவளை மோட்டாரக்கா என்றுதான் கூப்பிடும். எதற்கும் அசராதவள். அப்படிப்பட்டவள் அன்று ஒரு காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வெங்காய வயலின் வரப்பில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டாள்.

வேளாண்மை அலுவலகத்துக் கடிதம் அது. மானியம் பெறும் பயனாளி மாதக் கடைசிக்குள் நேரில் வந்து, தான் உயிரோடு இருப்பதை உறுதிசெய்ய வேண்டுமாம். பயனாளி என்று போட்டிருந்தது அவள் கணவரின் பெயர். அவர் கண்ணை மூடி மூன்று வருடம் ஆகிறது.

ஏமாற்ற நினைத்தவள் இல்லை. அவர் போன மறுமாதம் ஒரு தவணை அவர் கணக்கில் வந்து விழுந்தது. விதைக்குக் கையில் காசில்லாத நேரம், அவருடைய ஏ.டி.எம். கார்டைப் போட்டு எடுத்துவிட்டாள். அடுத்த தவணைக்குள் சொல்லிவிடலாம் என்றிருந்தாள். அதுவும் வந்தது, அதையும் எடுத்தாள். அப்புறம், 'இத்தனை நாள் ஏன் சொல்லல?' என்று கேட்பார்களே என்ற பயம் வாயைக் கட்டிப்போட்டுவிட்டது.

கொழுந்தன் கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு யோசனை சொன்னான்.

"அண்ணி, அண்ணன் ஜாடை அப்படியே எனக்கு இருக்கு. மீசையை மட்டும் கொஞ்சம் வளர்த்துக்கிட்டு நானே போய் நிக்கிறேன். யாருக்குத் தெரியப்போகுது?"

ஒரு நாள் முழுக்க அந்த ஆசை அவளையும் இழுத்தது. மறுநாள் காலை அவனிடம் சொல்லிவிட்டாள்: "வேணாம்ப்பா. நாளைக்கு உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா, அவரை ரெண்டாவது தடவை சாகடிக்கணும்."

இறப்புச் சான்றிதழை பிளாஸ்டிக் கவரில் போட்டுக்கொண்டு தனியாகப் பஸ் ஏறினாள்.

கவுன்டரில் இருந்த அம்மா, கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். அதை மாட்டிக்கொண்டு கடிதத்தைப் பார்த்துவிட்டுத் தலையைத் தூக்கினார்.

"வீட்டுக்காரர் வரலையா?"

"வர முடியாதுங்க."

"உடம்பு சரியில்லையா?"

"மூணு வருஷம் ஆச்சுங்க" என்று சொல்லிச் சான்றிதழை நீட்டினாள்.

அந்த அம்மா தேதியைப் பார்த்தார். கம்ப்யூட்டரில் எதையோ தட்டினார். மோட்டாரக்காவுக்கு, ஜெயிலுக்குப் போனால் வெங்காயத்துக்கு யார் தண்ணீர் பாய்ச்சுவார்கள் என்றுதான் முதலில் தோன்றியது.

"நிலம் யார் பேர்ல?"

"ரெண்டு பேர் பேர்லயும்ங்க."

"பயிர் வைக்கிறது?"

"நான்தாங்க. அவர் படுத்ததுல இருந்தே நான்தான்."

"அப்புறம் என்னம்மா? பணம் பயிர் செய்றவங்களுக்கு. செஞ்சது நீங்க, வாங்கினதும் நீங்க. பேரை மாத்தாம விட்டது தப்பு, அதுக்கு ஒரு விளக்கக் கடிதம் எழுதிக் குடுங்க. போதும்."

அத்தோடு எழுந்து வந்திருக்கலாம். ஆனால் உள்ளே இன்னொன்று உறுத்திக்கொண்டிருந்தது.

"போன வருஷம் கிணறு வத்தி நிலம் சும்மா கிடந்துச்சுங்க. ஒண்ணுமே போடல. அப்பவும் ஒரு தவணை எடுத்தேன்."

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றினார். "நீங்களா சொல்லலைன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது" என்றார். "அந்த ஒண்ணை மட்டும் திருப்பிக் கட்டணும். வரப்போற தவணைகள்ல பாதி பாதியா கழிச்சுக்கச் சொல்றேன். சரியா?"

"சரிங்க, சரிங்க!" குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது.

பெயர் மாற்றும் படிவத்தில் 'தொழில்' என்ற இடத்தில் பழக்க தோஷத்தில் 'வீட்டு வேலை' என்று எழுதினாள். அந்த அம்மா பேனாவை வாங்கி அதை அடித்துவிட்டு, 'விவசாயி' என்று எழுதித் திருப்பித் தந்தார். கீழே கையெழுத்துப் போட்டாள்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மூன்று வருடத்தில் அவள் அப்படித் தூங்கியதில்லை. இறங்க வேண்டிய இடம் தாண்டி இரண்டு நிறுத்தம் போய்விட்டது. கண்டக்டர் உலுக்கி எழுப்பி, "எங்கம்மா போகணும்?" என்று அதட்டினார். அவள் சிரித்துக்கொண்டே இறங்கி, வந்த வழியே வெயிலில் நடந்தாள்.