டப்பாவில் பெய்த மழை

மழை அளக்கிறவன் மழையில் நனைவதைவிட மற்றவர் கோபத்தில் நனைவதுதான் அதிகம். அரசாங்கத்துக்காக எதையாவது அளந்து பார்த்தவர்களுக்கு இது புரியும்.

ஒரே மானி

வெள்ளிமலையில் எங்கள் ஆபீசுக்குப் பின்னால் மழைமானி இருந்தது. தினமும் காலையில் அதில் சேர்ந்த தண்ணீரை அளவுக் குவளையில் சிந்தாமல் ஊற்றி, பார்த்து எழுதுவது என் வேலை. அந்த வருஷம் மேகமெல்லாம் வெள்ளிமலையோடு நின்றுவிட்டது. மலையின் மறுசரிவில் வெறும் காற்று.

அங்கே சாமை விதைத்திருந்த சின்னசாமி கருகிய பயிர்த்தட்டையோடு வந்து நின்றார். வறட்சி நிவாரணத்தில் விதை கொடுத்தால்தான் அவருக்கு அடுத்த விதைப்பு. ஆனால் மலை முழுவதற்கும் இந்த ஒரு மானிதான் கணக்கு, இதில் மழை விழுகிறவரை வறட்சி என்று எழுத முடியாது என்றேன்.

"எங்க சாமை காஞ்சி கெடக்குது. உங்க டப்பா மட்டும் டெய்லி குளிச்சிக்கினு கீது."

மூடி

சில நாள் கழித்து, ராத்திரி நல்ல மழை. காலையில் போனால் மானிக்குள் சொட்டுத் தண்ணீர் இல்லை. மானியின் வாய்மேல் ஒரு மண்சட்டி, அதன்மேல் கல். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. சின்னசாமி ஒளியவும் இல்லை, மறுக்கவும் இல்லை.

"டப்பாவுல வுழுந்தா எங்க காட்டுல வுழுந்ததா எழுதுறீங்க. அதான் மூடிட்டோம். நாங்க இன்னா தண்ணியத் திருடுனமா?"

புளியமரம்

ஆபீசில் சும்மா கிடந்த இன்னொரு மானியை சின்னசாமி காட்டில் நட்டேன். மாதம் முழுக்க அது காய்ந்தே கிடந்தது. அந்தக் கணக்கைச் சங்கராபுரம் தாலுகா ஆபீசில் சேர்க்க வேண்டிய வாரத்தில்தான் இட ஒதுக்கீட்டுப் போராட்டம். சாலையெல்லாம் மரத்தை வெட்டிப் போட்டிருந்தார்கள். பஸ் இல்லை, ஜீப் இல்லை. நடந்தே மலையிறங்கினேன். குறுக்கே கிடந்த புளியமரத்தின் மேல் உட்கார்ந்திருந்த இளவட்டங்கள் மறித்தார்கள். மழைக் கணக்கு கொண்டுபோகிறேன் என்றேன். சிரித்தார்கள்.

"வண்டியத்தான் வுட மாட்டோம் பெருசு. மழைய இன்னாத்துக்கு மறிக்கப் போறோம், நீ போ."

ஒரே வானம்

தாலுகா ஆபீசில் கிளார்க் எல்லாவற்றையும் முடித்து அனுப்பியிருந்தார். மலையிலிருந்து காகிதம் வரவில்லையாம். அதனால் கீழே கள்ளக்குறிச்சியில் கொட்டிய மழையையே மலைக்கும் எழுதிவிட்டாராம். மறுசரிவில் மண் நனையவே இல்லை என்று என் கணக்கை நீட்டினேன். அவர் தலை நிமிரவில்லை.

"வானம் ஒண்ணுதானே பெரியவரே? இங்க பேஞ்சா அங்கயும்தான் பேஞ்சிருக்கும்."

பஸ்ஸும் ஜீப்பும் ஏற முடியாத அந்த வாரத்தில் கள்ளக்குறிச்சி மழை மட்டும் எப்படியோ மலையேறி, சின்னசாமிக்கு வரவேண்டிய விதையை அடித்துக்கொண்டு போனது.