மேர்வினின் கம்பளிக் காலுறை

முதலில் வலது கால், பிறகு இடது கால். காலுறைகளை முழங்கால்வரை இழுத்துவிட்டு, விரல்களை இரண்டு தரம் மடக்கி நீட்டிப் பார்க்கிறார் மேர்வின். மாத்தளை வெயிலில் நமக்குச் சட்டையே பாரமாயிருக்கும் நேரம். ஆள் வருடம் முழுக்க றப்பர்ச் செருப்புத்தான். மாதா கோயிலுக்குப் போடும் சப்பாத்துக்குள்ளும் வெறுங்கால். ஆனால் பழைய கார் ஒன்றின் கண்ணாடியைக் கழற்ற வேண்டுமென்றால், நுவரெலியாவில் வாங்கிய அந்தக் கம்பளிக் காலுறை இல்லாமல் உள்ளே ஏற மாட்டார்.

அந்தக் காலத்துக் கார்களில் கண்ணாடியைப் பசை பிடித்துக்கொண்டிருக்காது, றப்பர்ச் சட்டம்தான் பிடித்துக்கொண்டிருக்கும். றப்பரின் உள்விளிம்பைப் பழைய பல்துலக்கியின் பிடியால் சுற்றிவர நெம்பிவிட்டு, முன் இருக்கையில் முதுகை முட்டுக்கொடுத்து, இரண்டு பாதங்களாலும் கண்ணாடியை மெல்லத் தள்ளுவார். வெளியே மனைவி ஜூலியட் குழந்தையை வாங்குவதுபோல் கைகளை ஏந்திக்கொண்டு நிற்பார்.

"பாதம் முழுக்கப் படணுங்க. வெறுங்கால்னா குதிகால் ஒரே எடத்துல குத்தும். மேஸ் போட்டாத்தான் அமுக்கம் பரவிப் போகும்," என்பார் மேர்வின். வேலை நடக்கும்போது யாரும் பேசக்கூடாது. "வாய மூடுங்க, றப்பர் சத்தம் கேக்கணும்." ஒரு தடவை என் கைத்தொலைபேசி அலறியதற்கு அரை மணி நேரம் என் முகத்தையே பார்க்கவில்லை.

கண்ணாடியைத் திரும்பப் போட்டதும் ஒரு சோதனை உண்டு. கண்ணாடிக்குக் கீழே பத்திரிகைத் தாள் ஒன்றை விரித்து, மேர்வின் உள்ளே உட்காருவார். ஜூலியட் மேலே வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றுவார். பிறகு மேர்வின் தாளைக் கன்னத்தில் ஒற்றிப் பார்ப்பார். "கை எப்பவும் றப்பருக்குப் பூசுற சவுக்காரத் தண்ணியில ஊறினது. அதுக்கு ஈரம் வெளங்காது." தாள் நனைந்திருந்தால் எல்லாம் முதலிலிருந்து. காய்ந்திருந்தால் காலுறையைக் கழற்றுவார். கழற்றினால் வேலை முடிந்தது, வண்டியைக் கொண்டுபோகலாம்.

இவ்வளவும் தெரிந்த மனுஷன்தான் போன பெரிய வியாழனன்று யாகூப் நானாவின் மொறிஸ் மைனரில் பின் கண்ணாடியைக் கழற்றப்போய் உடைத்தார். அன்று மாலைப் பூசையில், ஆண்டவர் சீடர்களின் பாதம் கழுவியதன் நினைவாகக் குருவானவர் பாதம் கழுவப்போகும் பன்னிரண்டு பேரில் மேர்வினும் ஒருவர். வாழ்க்கையில் முதல் தடவை கிடைத்த அழைப்பு. விடியற்காலையிலேயே பீர்க்கங்காய் நாரால் தேய்த்து, நகம் வெட்டி, பாதங்களை மாப்பிள்ளைபோல் தயாராக்கி வைத்திருந்தார். அதில் கம்பளி நூல் ஒட்டக்கூடாதென்று காலுறையை விட்டுவிட்டார். குதிகால் குத்தியது. கண்ணாடி கற்கண்டாகக் கொட்டியது. இரண்டு பாதங்களிலும் வெட்டு. மாலையில் பன்னிரண்டு நாற்காலிகளில் ஒன்று காலி. ஊர் சும்மா இருக்குமா? பதினோரு அப்போஸ்தலர் கதை ஈஸ்டர் விடிவதற்குள் பஸ் நிலையம்வரை போய்விட்டது.

யாகூப் நானா மிளகும் கிராம்பும் வாங்கி விற்பவர். அவர் மனைவி உம்மு குல்தூமுக்கு பஸ்ஸில் ஏற முடியாத கால். மாதாமாதம் கண்டி ஆஸ்பத்திரிக்குப் போவது இந்தக் காரில்தான். பின்னால் பொலித்தீன் ஒட்டிக்கொண்டு எத்தனை நாள் ஓடலாம்? ஐப்பசி மழை பிடித்தால் வண்டி கொட்டிலை விட்டு இறங்காது. கண்டியில் நல்ல ஆள் இருக்கிறார், அங்கே போங்கள் என்று அவரிடம் சொன்னவன் நான்தான். இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது. நானா முடியாதென்று தலையை ஆட்டினார். "ஒடச்சிட்டு ஓடாம நிண்ட மனிசன் அவர். அவரே போடட்டும்."

மேர்வினுக்கு அது ஏச்சைவிடப் பொல்லாத வார்த்தை. காயம் ஆறியதிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்த கையோடு கண்ணாடி தேடிப் புறப்பட்டார். யட்டவத்தவில் இல்லை. தம்புள்ளையில் இருந்ததில் கீறல். தேடத் தொடங்கிய ஐந்தாம் மாதம் கலேவெலவில் ஓர் அரிசி ஆலைக்குப் பின்னால், கோழிகள் அடையும் பழைய மைனர் கூடு ஒன்றில் பின் கண்ணாடி முழுதாக இருந்தது. அன்று இரண்டு சோடிக் காலுறை போட்டுக் கழற்றினாராம். போர்வையில் சுற்றி பஸ்ஸில் ஏற்றி, அதற்கும் ஒரு டிக்கட் எடுத்தார். தம்புள்ளையில் கைக்குழந்தையோடு ஏறிய பெண்ணுக்குத் தன் இருக்கையை விட்டுக்கொடுத்தார். கண்ணாடி உட்கார்ந்து வந்தது; மேர்வின் மாத்தளைவரை அதன் தோளைப் பிடித்தபடி நின்று வந்தார்.

போன வெள்ளிக்கிழமை காலை அதைப் போட்டார்கள். இதுவும் போனால் வேறு கண்ணாடி கிடையாது என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். வெயிலில் இளக்கிய புது றப்பரைக் கண்ணாடிக்குச் சுற்றி, அதன் பள்ளத்தில் நைலோன் கயிற்றைப் பதித்து, வெளியிலிருந்து சட்டத்தில் வைத்தார்கள். ஜூலியட் இரண்டு உள்ளங்கைகளாலும் அமுக்க, உள்ளே காலுறையோடு மேர்வின் கயிற்றை இழுத்தார். இழுக்க இழுக்க றப்பர் விளிம்பு தகரத்தின் மேல் ஏறி உட்காரும் சத்தம் கேட்டது. கடைசி மூலையில் கயிறு இறுகி நின்றது.

"கையால ஒரு தட்டு தட்டுங்களேன்," என்றார் ஜூலியட்.

"தட்ட மாட்டேன். பொழுது சாஞ்சாலும் சரி. கழட்டு, மறுபடி போடுவோம்."

இரண்டாம் தடவையும் அதே மூலை. மறுபடி கழற்றினார்கள். மூன்றாம் தடவை ஏறிவிட்டது. 

சோதனைக்குத் தாளை விரிக்க மேர்வின் குனிந்தபோது, ஜும்ஆத் தொழுகைக்குப் புறப்பட்ட வெள்ளைச் சாரமும் சட்டையுமாக யாகூப் நானா வந்துசேர்ந்தார். பின் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தார். தலையிலிருந்த வெள்ளைத் தொப்பியை எடுத்து, கண்ணாடிக்கு நேர் கீழே வைத்தார்.

"நானா, பள்ளிக்குப் போற உடுப்பு. எறங்குங்க."

"ஊத்துங்க மேர்வின்."

ஜூலியட்டிடமிருந்து வாளியைத் தானே வாங்கிக்கொண்டார் மேர்வின். ஒரு வாளி, இரண்டு வாளி, ஏழு வாளி. பிறகு கதவைத் திறந்து, தொப்பியை விரல் நுனிகளால் எடுத்து, இடது கன்னத்தில் ஒற்றினார். வலது கன்னத்தில் ஒற்றினார். அதை நானாவின் தலையில் வைத்துவிட்டு, ஈரத் தரையிலேயே உட்கார்ந்து காலுறையைக் கழற்றத் தொடங்கினார்.