இடது சீட்டில் யாரும் இல்லை

கதை கட்டுகிற ஆள் இல்லை இவன். நண்பர்கள் இவனுக்கு வைத்த பெயரே ‘மிஷின்’. பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால், கொட்டாவி விட்டுக்கொண்டு எழுந்து போய்விடுவான். அப்படிப்பட்டவனுக்கு நடந்தது இது. நடுராத்திரியில் இல்லை, சுடுகாட்டுப் பக்கமும் இல்லை. பட்டப்பகலில், ஊழியர்கள் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கிற நேரத்தில். நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். ஆனால் இதில் ஒரு வார்த்தைகூடச் சேர்த்துச் சொல்லவில்லை.

மிஷின் ஒரு துணை விமானி. வலது சீட். அவன் மனைவி அதே கம்பெனியில் கேப்டன். இடது சீட். வீட்டிலும் அந்த ஏற்பாடுதான் என்று சொல்லிச் சிரிப்பான். விமானத்தை ஒருவர் கையிலிருந்து மற்றவர் வாங்குவதற்கு ஒரு முறை உண்டு. வாங்குகிறவர் “ஐ ஹேவ்” என்பார். கொடுக்கிறவர் “யூ ஹேவ்” என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுக் கையை எடுக்க வேண்டும். இவர்கள் அதை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார்கள். மகள் கைக்குழந்தையாக இருந்தபோது வீறிட்டு அழுதால், அவள் கையை நீட்டி “ஐ ஹேவ்” என்பாள். “யூ ஹேவ், ஆளை விடு சாமி” என்று பிள்ளையைக் கொடுத்துவிட்டு இவன் நழுவிவிடுவான்.

ஒரே ஒரு விஷயத்தில்தான் இருவருக்கும் ஒத்துப்போகாது. விமானம் மேலே கிளம்பிய கையோடு ஆட்டோபைலட்டைப் போட்டுவிட வேண்டும், இறங்கும்போதுதான் எடுக்க வேண்டும் என்பது கம்பெனி உத்தரவு. அவள் கேட்கமாட்டாள். வானம் தெளிவாக இருந்தால் அதை அணைத்துவிட்டுத் தன் கையால் ஓட்டுவாள். ஆபீசில் கூப்பிட்டுக் கண்டித்தும் பார்த்தார்கள்.

“எதுக்கும்மா வம்பு? அதுதான் நல்லா ஓட்டுதே” என்பான் இவன்.

“அது ஓட்டும். ஒருநாள் அது கைவிட்டா, நீங்க ஓட்டுவீங்களா?”

“அப்ப பாத்துக்கலாம்.”

இவன் பொத்தான்களை அழுத்துவான், திரைகளைப் பார்ப்பான். இழுத்தால் விமானத்தின் தலையை ஏற்றி, தள்ளினால் இறக்கும் கன்ட்ரோல் தண்டை நடுவானில் இவன் தொட்டதே இல்லை.

போன வருடம் அவள் ஓட்டிய விமானம் கடலில் விழுந்தது. வேகத்தை அளக்கும் குழாயில் பனி அடைத்துக்கொள்ள, வேகம் தெரியாமல் ஆட்டோபைலட் தானாகக் கழன்றுகொண்டது. அப்போது தலையைக் கொஞ்சம் இறக்கியிருந்தால் பிழைத்திருக்கலாம். தூக்கிவிட்டார்கள். காற்றில் பிடிப்பு போய், கல்லாக விழுந்தது. அவள் உட்பட யாரும் பிழைக்கவில்லை. விமானிகளின் தவறு என்று அறிக்கை வந்தது. இருவரில் யார் தவறு என்று பிரித்துச் சொல்லவில்லை. கேப்டன் என்பதால் பழி முழுக்க அவள்மேல் விழுந்தது.

மகள் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். ஒருநாள் பள்ளியிலிருந்து வந்து, பையைக்கூடக் கழற்றாமல் கேட்டாள்.

“அம்மாவாலதான் எல்லாரும் செத்தாங்களாப்பா?”

இவனுக்கே அது தெரியவில்லை. தெரியவில்லை என்பதுதான் இவனைத் தின்றது. அவளுக்காக அழக்கூட முடியாமல், அவள்மேல் சந்தேகப்பட்டுக்கொண்டு எத்தனை நாள் இருப்பது?

அதனால்தான் விமானிகளுக்குப் பயிற்சி கொடுக்கும் சிமுலேட்டருக்குப் போனான். கொட்டகை போன்ற பெரிய கூடம். நடுவே இரும்புக் கால்களின் மேல் ஒரு பெட்டி. உள்ளே அசல் விமானி அறை. பயிற்சியாளர் தெரிந்தவர்தான். அந்த விபத்து விசாரணையிலும் இருந்தவர்.

“அன்னிக்கு நடந்ததை அப்படியே போடுங்க சார். காப்பாத்தியிருக்க முடியுமான்னு நான் பாக்கணும்.”

அவர் முகம் மாறிவிட்டது. வேண்டாம் என்றார். இவன் விடவில்லை.

வெளியே வெயில் கொளுத்தியது. கதவைச் சாத்தியதும் கண்ணாடிக்கு அப்பால் இருட்டு. கீழே கடல். பழக்கதோஷத்தில் இவன் வலது சீட்டில் உட்கார்ந்தான். பயிற்சியாளர் பின்னால், தன் திரைகளுக்கு முன்னால் இருந்தார். இடது சீட் காலி.

முதல் தடவை மணி அலறியதும் இவன் தண்டை இழுத்தான். விழுந்தான். இரண்டாவது தடவை, தள்ள வேண்டும், தள்ள வேண்டும் என்று முனகிக்கொண்டே இழுத்தான். மறுபடி விழுந்தான். மூளைக்குத் தெரிந்தது கைக்குத் தெரியவில்லை. தன் தண்டு அசைந்தபோது, கூடவே அசைய வேண்டிய இடது பக்கத் தண்டு அசையாமல் நின்றதை இவன் பார்த்தான். பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

“போதும்” என்றார் பயிற்சியாளர்.

“இன்னும் ஒரே ஒரு தடவை.”

மறுபடியும் இருட்டு. கடல். எஞ்சின் இரைச்சல்.

விர்ர்ர்ர்...

இடது சீட் மெதுவாக முன்னால் நகர்ந்தது. பிறகு மேலே எழும்பியது. குள்ளமானவர்கள் அப்படித்தான் வைத்துக்கொள்வார்கள். அவளும் அப்படித்தான் வைத்துக்கொள்வாள்.

“சார், சீட்டைத் தொட்டீங்களா?”

“இல்லையே. ஏன்?”

க்ளிக்.

பெல்ட் மாட்டுகிற சத்தம். இவன் திரும்பவில்லை. திரும்பக் கழுத்து வரவில்லை.

மணி அலறியது. ஆட்டோபைலட் கழன்றது. கை தானாக இழுத்தது.

தண்டு வரவில்லை.

இன்னும் பலமாக இழுத்தான். யாரோ எதிரே தள்ளினார்கள்...

ஓரக்கண்ணால் பார்த்தான். அசையாமல் நின்ற இடது தண்டு... முன்னால் சாய்ந்துகொண்டிருந்தது.

“ஐ ஹேவ்.”

காதுக்குள் கேட்டது. அவள் குரல். தூக்கம் கெட்டால் லேசாகக் கம்மும், அதே குரல்.

இவன் விடவில்லை. விட முடியவில்லை.

“ஐ ஹேவ்!”

விமானத்தின் தலை மேலே... மேலே...

“ஐ ஹேவ்!!”

கடைசியில் வாய் திறந்தது.

“யூ... ஹேவ்.”

கையை எடுத்தான்.

தண்டு தானாக முன்னால் போனது. கடல் எழுந்து வந்தது. ஒரு நொடி... இரண்டு நொடி... பிறகு மெல்ல, மிக மெல்ல, தலை நிமிர்ந்தது.

விமானம் பறந்தது.

விர்ர்ர்ர்... சீட் பின்னால் போய் நின்றது.

விளக்கைப் போட்ட பயிற்சியாளருக்கு வியர்த்திருந்தது.

“யாருக்கு ‘யூ ஹேவ்’ சொன்னீங்க?”

“உங்களுக்குக் கேக்கலையா?”

“உங்க குரல் மட்டும்தான் கேட்டுது.”

அதற்குள் இவர்கள் பேச்சைக் கேட்டு, சிமுலேட்டரைப் பழுது பார்க்கும் டெக்னீஷியன் கையைத் துடைத்துக்கொண்டே வந்து எட்டிப் பார்த்தார். “என்ன சார், இடது பக்கத்தையும் சேர்த்தா ஓட்டிப் பாத்தீங்க? வலது பக்கம் மட்டும்தான் வேலை செய்யும்னு சொன்னேனே. அந்தத் தண்டோட இணைப்பைக் காலையிலயே கழட்டிட்டேன். சீட் மோட்டார் என் மேஜை மேல கிடக்கு.”

பயிற்சியாளர் தன் திரைகளை அணைத்தார். வாசல் வரை கூட வந்தார். கார் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு சொன்னார்.

“விசாரணையில அந்த விமானி அறை ஒலிப்பதிவை நானும் கேட்டேன். வீட்டாளுங்ககிட்டகூட சொல்லக் கூடாதுன்னுட்டாங்க. அவங்க சரியாத்தான் செஞ்சாங்க. தலையைக் கீழ தள்ளினாங்க. ‘ஐ ஹேவ், ஐ ஹேவ்’னு கத்திக்கிட்டே இருந்தாங்க.”

“அப்புறம்?”

“பக்கத்துல இருந்த பையனுக்கு பயத்துல காது அடைச்சிருக்கணும். கடல் வர்ற வரைக்கும் இழுத்துக்கிட்டே இருந்தான். யாரும் பதில் சொல்லல.”

இவன் காருக்குள் உட்கார்ந்து வாய்விட்டு அழுதான். வருடம் முழுக்க வராத அழுகை.

சாயங்காலம் மகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டான்.

“அம்மாவால இல்லம்மா. அம்மா கடைசி வரைக்கும் எல்லாரையும் காப்பாத்தப் பாத்தா.”

“அப்ப யாருப்பா தப்பு செஞ்சது?”

இவன் தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தான்.

“அம்மா பக்கத்துல ஒரு அண்ணன் இருந்தாரு. அவருக்குக் கையால ஓட்டிப் பழக்கமே இல்ல” என்றான். “அப்பாவுக்கு இல்லாத மாதிரி.”