ஹாக்கி ஊரில் ஒரு கோல்கீப்பர்

கால்பந்தில் பத்துப் பேருக்கு விளையாட்டு, பதினோராவது ஆளுக்குக் காவல் வேலை. அந்தக் காவல் வேலையைக் கோவில்பட்டியில் ஒரு நூல் மில் அணிக்காகப் பல வருசம் பார்த்தவன் நான். கோல் கம்பங்களுக்கு நடுவில் நின்று முட்டியைத் தேய்த்த கூட்டாளிகளே, இதெல்லாம் உங்களுக்கும் நடந்திருக்கும். நடக்கவில்லை என்றால் நீங்கள் ஃபார்வர்டு ஆடியவர். உங்களோடு எனக்குப் பேச்சில்லை.

பெட்டி சரிந்த நாள்

தொண்ணூறுகளின் தொடக்கம். நாகலாபுரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து மில்லில் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. பேச்சுத் துணைக்கு ஆள் கிடையாது. ஒருநாள் நூல் கோன்கள் அடுக்கிய பெட்டி ஒன்று மேலடுக்கிலிருந்து சரிந்தது. நேர் கீழே ஒருவர் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்தார். பாய்ந்துபோய்ப் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு விழுந்தேன்.

அவர்தான் ராசையா அண்ணாச்சி. எங்கள் பகுதி மேஸ்திரி, மில் கால்பந்து அணியின் கேப்டனும் அவர்தான். தலை தப்பியதற்கு ஒரு வார்த்தை நல்லபடியாகச் சொல்வார் என்று பார்த்தேன். என் உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பந்து இதைவிடச் சின்னதுதாம்லே. சாயங்காலம் மைதானத்துக்கு வா."

கண்டக்டரின் அனுதாபம்

கோவில்பட்டியில் விளையாட்டு என்றால் ஹாக்கிதான். மட்டையோடு போகிறவனை டீக்கடையில் பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள். பந்தோடு போகிறவனை யாரும் கூப்பிட்டதில்லை.

எட்டயபுரத்தில் ஒரு போட்டி. மற்றவர்கள் காலையிலேயே போய்விட்டார்கள். ஷிப்ட் முடிந்து நான் மட்டும் தனியாகப் பஸ் ஏறினேன். என் ஜெர்சியைப் பார்த்ததும் கண்டக்டர், "ப்ளேயருக்கு இடம் விடுங்கப்பா" என்று ஒரு சீட்டையே காலி பண்ணிக் கொடுத்தார். எந்த இடத்தில் ஆடுகிறேன் என்று கேட்டார். கோல்கீப்பர் என்றேன். காலில் கட்டுகிற பேட் எங்கே என்றார். "நான் ஃபுட்பால், அண்ணாச்சி" என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. டிக்கெட்டைக் கிழித்துக் கையில் வைத்தவர், யாருக்கும் கேட்காதபடி குனிந்து சொன்னார்: "ஏன் தம்பி, ஹாக்கியில எடுக்கலையா?"

அப்பா பார்த்த ஆட்டம்

என் அப்பா ஆடு மேய்ப்பவர். ஆட்டை விற்கக் கோவில்பட்டிக்கு வந்தவர், மகன் ஏதோ விளையாடுகிறானாமே என்று மைதானத்துக்கு வந்துவிட்டார். தோளில் துண்டோடு என் கோலுக்குப் பின்னால் நின்றார்.

அன்று பந்து எங்கள் பக்கமே வரவில்லை. கீப்பருக்கு அது நல்ல நாள். அதைவிடக் கொடுமையான நாளும் இல்லை. சத்தம் எல்லாம் அந்தக் கோடியில். நான் கம்பத்தில் சாய்ந்தேன், நிமிர்ந்தேன், கரிசல் வெடிப்பில் விழுந்திருந்த கல்லைக் காலால் தள்ளினேன். நான்கு கோல் போட்டு ஜெயித்தோம். எல்லோரும் நடு மைதானத்தில் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். நான் ஓடிப்போய்ச் சேருவதற்குள் கலைந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டார்கள்.

திரும்பி வந்தேன். அப்பா முகத்தில் அப்படி ஒரு கவலை. மெதுவாகக் கேட்டார்: "எல்லாரும் அங்கன ஓடியாடி விளையாடுதாவ. ஒன்னைய மட்டும் இங்கன ஒத்தையில நிறுத்தி வச்சிருக்காவளே, அப்படி என்ன தப்புய்யா பண்ணுன?"

நான் இல்லாத போட்டோ

மாவட்ட அணியில் ஒரே ஒரு முறை பேர் வந்தது, இரண்டாவது கீப்பராக. தூத்துக்குடியில் இறுதிப்போட்டி. வெளியே உட்கார்ந்திருந்தேன். ஆட்டம் முடியச் சிறிது நேரம் இருக்கையில் முதல் கீப்பர் மோதி விழுந்து வெளியே வந்தார். நான் உள்ளே போனேன். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அந்த நாளுக்காகத்தான் காத்திருந்தேன் என்று அப்போதுதான் தெரிந்தது. கடைசி நிமிடத்தில் எங்களுக்கு எதிராக ஒரு பெனால்டி. வலது பக்கம் பாய்ந்தேன். பந்து கையில் பட்டு வெளியே போனது. சுண்டுவிரலும் ஒடிந்தது.

முன்பின் தெரியாத ஒரு ஆட்டோக்காரர்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். மாவுக்கட்டோடு திரும்பியபோது மைதானத்தில் ஆளில்லை. அடுத்த வாரம் மில் ஆபீசில், ஜெயித்த அணியின் படத்தை மாட்டினார்கள். கோப்பை இருந்தது, முதல் கீப்பர் இருந்தார், அணிக்கு மேனேஜராக வந்திருந்த ராசையா அண்ணாச்சி இருந்தார். எத்தனை முறை பார்த்தாலும் நான் இல்லை. அண்ணாச்சி பக்கத்தில் வந்து நின்று உண்மையாகவே வருத்தப்பட்டார்: "வெளிச்சம் போயிருமேன்னு அவசரமா எடுத்தோம்லே. அந்த நேரம் பார்த்து நீ எங்க போன?"

பந்து பொறுக்கும் வேலை

இரண்டாயிரம் பிறந்த கொஞ்ச நாளில் மில் அணியைக் கலைத்தார்கள். அண்ணாச்சி விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு மகன் வீட்டுக்குப் போய்விட்டார். என்னிடம் மிஞ்சியது ஒரு பழைய பந்து. மற்றவர்கள் தனியாகப் பந்தை உதைத்தாவது காலத்தை ஓட்டலாம். கீப்பர் என்ன செய்வான்? அவனுக்கு எதிரில் உதைக்க ஒருத்தன் வேண்டுமே!

வெட்கத்தை விட்டு, ஹாக்கிப் பயிற்சி நடக்கும் இடத்துக்குப் போனேன். இடைவேளையில் யாராவது பத்து உதை உதைத்தால் போதும் என்று அந்தப் பயிற்சியாளரிடம் கேட்டேன். மரியாதையான மனுசன். யோசித்துப் பார்த்துவிட்டு என்னால் ஆகக்கூடிய ஒரு வேலையைச் சொன்னார்: "எங்க பந்து அடிக்கடி முள்ளுக்குள்ள போயிருது. நீங்க அங்கன நின்னு எடுத்துப் போடுதியளா, அண்ணாச்சி?"

செல்வியின் உதை

இதை வீட்டில் வந்து சொன்னேன். என் மனைவி செல்வி ஒரு ஆட்டம்கூடப் பார்த்தவள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலை, பருத்தி எடுத்து முடிந்து, காய்ந்த மாரையும் பிடுங்கிக் காலியாகக் கிடந்த பின்பக்கப் புஞ்சையில் இரண்டு கல்லை வைத்தாள். சேலையைத் தூக்கிச் செருகினாள். செருப்பைக் கழற்றினாள். "நில்லுங்க, நான் உதைக்கேன்" என்றாள்.

பந்து உருண்டுதான் வந்தது. குழந்தைகூடப் பிடிக்கும். அது என் காலுக்குப் பக்கத்தில் போய்க் கல்லைத் தாண்டிய பிறகுதான் எனக்கே தெரிந்தது. செல்வி இடுப்பில் கைவைத்து நின்றாள்: "பந்தைப் பாக்கச் சொன்னா, என்னையவே பாத்துக்கிட்டு நிக்கியளே!"

என்னைத் தாண்டிப் போன பந்துகளில், திரும்பி எடுக்கப் போகையில் நான் தலை குனியாதது அது ஒன்றுதான்.